கணக்கேடுகள் காத்த கொடிவழி: இடைக்கால இங்கிலாந்தின் அரச குடும்ப ஆய்வுகள்

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எத்தெல்வேர்ட் என்ற ஆங்கிலப் பிரபு லத்தீனில் ஒரு வரலாற்று நூல் எழுதினார். ஜெர்மனியில் எஸ்ஸன் கன்னிமடத்தின் தலைவியாக இருந்த மெட்டில்டாவுக்கு அதைக் காணிக்கையாக்கினார். இருவரும் தூரத்து உறவினர். இருவர் வழியும் வெஸ்ஸெக்ஸ் அரச குடும்பத்தில் போய்ச் சேரும். முன்னுரையில் அவர் குடும்பக் கதையைச் சொல்கிறார். அத்தெல்ஸ்தன் அரசர் தம் சகோதரிகள் இருவரை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார். பின்னாளில் பேரரசரான ஓட்டோ அவர்களில் ஈடித்தை மணந்துகொண்டார். அந்த ஈடித்தின் பேத்திதான் மெட்டில்டா. இன்னொரு சகோதரியை ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து அரசர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவளுடைய சந்ததி என்ன ஆயிற்று என்று இங்கே எங்களுக்குத் தகவல் இல்லை, நீங்கள் விசாரித்துச் சொல்லவேண்டும் என்று எத்தெல்வேர்ட் கேட்டுக்கொள்கிறார். மெட்டில்டா என்ன பதில் எழுதினார் என்பதற்கு ஏடு எதுவும் மிஞ்சவில்லை. அந்த ஆல்ப்ஸ் மலை அரசர் யார் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அரச வம்சாவளி என்றால் அதெல்லாம் எப்போதோ எழுதி முடித்தாயிற்று என்று தோன்றும். மன்னர்களின் வரிசை எழுதி முடித்ததுதான். அரியணை ஏறாத பிள்ளைகள், மணமாகிக் கடல் கடந்து போன பெண்கள், மணத்துக்கு வெளியே பிறந்தவர்களின் தாய்மார் என்று வரும்போது கொடிவழி அறுந்து அறுந்து போகிறது. அந்த அறுந்த இடங்களை ஒட்டவைக்க நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வேலைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று துலங்குகிறது. குலப்பெருமை பேசுவதற்கென்றே எழுதிய ஏடுகள் ஆய்வாளரைத் திரும்பத் திரும்பக் கைவிட்டிருக்கின்றன. நிலம், வரி, மணத்தடை, இறந்தோருக்கான வேண்டுதல் என்று வேறு காரியத்துக்காக எழுதி, போகிற போக்கில் ஓர் உறவைச் சொல்லிவிட்ட ஏடுகளே கை கொடுத்திருக்கின்றன.

பெருமை ஏடுகளில் பழமையானது ஆங்கிலோ சாக்ஸன் அரசர்களின் முன்னோர் பட்டியல். பல சிற்றரசுகளின் அரச குலங்கள் வோடன் என்ற பழைய கடவுளைத் தம் மூதாதையாகச் சொல்லிக்கொண்டன. கிறிஸ்தவம் வந்தபின் வோடனைக் கைவிட மனமில்லை. அவருக்கும் மேலே முன்னோர்களைச் சேர்த்தார்கள். ஆங்கிலோ சாக்ஸன் நாளாகமத்தில் 855ஆம் ஆண்டுக் குறிப்பு, ஆல்ஃபிரட் அரசரின் தந்தை எத்தெல்வுல்ஃபின் குலத்தை வோடனைக் கடந்து, நோவாவின் பேழையில் பிறந்ததாகச் சொல்லும் ஒரு மகன் வழியாக ஆதாம் வரை கொண்டுபோகிறது. இந்தப் பட்டியலைக் கென்னத் சிசம் 1953இல் பிரித்துப் போட்டுக் காட்டினார். வெஸ்ஸெக்ஸ் குலத்தை நிறுவியதாகச் சொல்லப்படும் செர்டிக்குக்கு மேலே உள்ள பகுதி, வடக்கே பெர்னீசியா அரச குலத்தின் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டியது என்பது அவர் முடிவு. எதுகை மோனை போல ஒலிக்கும் இணைப்பெயர்களையும் அவர் சுட்டினார். பின்னர் டேவிட் டம்வில் கைப்பிரதிகளை ஒப்பிட்டு இந்த ஆய்வை விரித்தார். இப்பட்டியல்கள் முன்னோரைக் காட்டுவதைவிட, எழுதப்பட்ட காலத்தில் எந்த அரசு எந்த அரசோடு உறவு கொண்டாட விரும்பியது என்பதையே நன்றாகக் காட்டுகின்றன. அந்த வகையில் அவை அருமையான சான்றுகள்.

முதலாம் எட்வர்டின் காலத்திலிருந்து அரச வம்சாவளியை நீண்ட தோல் சுருள்களில் வரையும் வழக்கம் பெருகியது. வட்டத்துக்குள் பெயர், வட்டத்திலிருந்து வட்டத்துக்குக் கோடு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் இருக்கும் சுருள் சுமார் 5 மீட்டர் நீளம். நோவாவில் தொடங்கி நான்காம் எட்வர்டில் முடிகிறது. ஆறாம் ஹென்றி காலத்தில் லங்காஸ்டர் தரப்புக்காக எழுதியதை, பின்னால் யார்க் தரப்பினர் அதே தோலில் திருத்தியும் கூட்டியும் தம் உரிமைக்குச் சான்றாக்கிக்கொண்டார்கள். உள்நாட்டுப் போரின் இரண்டு தரப்புகளையும் ஒரே தோலில் பார்க்கக் கிடைப்பது பெரும் பேறு. ஆனால் யார் யாருக்குப் பிறந்தார் என்ற ஐயம் வந்தால் அந்தத் தோலை மட்டும் நம்பி எதையும் எழுதமுடியாது.

அப்படியானால் எதை நம்புவது? இரண்டு வழக்குகளைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

முதலாவது குண்ட்ராடாவின் வழக்கு. 1085இல் இறந்த இவர், வெற்றிவீரர் வில்லியமின் தோழரான வில்லியம் டி வாரனின் மனைவி. தம்பதி நிறுவிய லூயிஸ் மடத்தின் சாசனம் ஒன்று அவரை, வெற்றிவீரர் வில்லியமின் மனைவியான அரசி மெட்டில்டாவின் மகள் என்றது. 1845இல் அந்த மடத்தின் இடிபாடுகளைக் கிழித்து ரயில்பாதை போட்டபோது, தம்பதியின் எலும்புகள் வைத்த ஈயப் பேழைகள் கிடைத்தன. நாடே பேசியது. இவர் அரசர் வில்லியமின் மகளா, அரசிக்கு முன்னொரு கணவர் இருந்தாரா என்று அறிஞர்கள் பல்லாண்டு மோதிக்கொண்டார்கள். கடைசியில் வழக்கைத் தீர்த்தது ஒரு கடிதம். அரசி மெட்டில்டாவின் மகனான முதலாம் ஹென்றி, மணத்துக்கு வெளியே பிறந்த தம் மகள் ஒருத்தியைக் குண்ட்ராடாவின் மகனுக்குக் கொடுக்க நினைத்தார். கேன்டர்பரி பேராயர் அன்செல்ம், இந்த மணம் கூடாது என்று அரசருக்கு எழுதினார். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு பக்கம் நான்காம் தலைமுறையிலும் மறுபக்கம் ஆறாம் தலைமுறையிலும் உறவு என்பது அவர் சொன்ன காரணம்.

அரசியின் மகளாகக் குண்ட்ராடா இருந்திருந்தால் அவர் முதலாம் ஹென்றிக்கு அக்கா முறை. மாப்பிள்ளையும் பெண்ணும் அத்தை மகன், மாமன் மகள் ஆகிவிடுவார்கள். திருச்சபைச் சட்டம் அதைக் கண்டிப்பாகத் தடுத்தது. அவ்வளவு நெருங்கிய உறவு கண்முன் இருக்க, நான்கும் ஆறும் என்று எட்டிப்போய் எண்ணிக்கொண்டிருக்க அன்செல்முக்கு எந்தத் தேவையும் இல்லை. பேராயர் யாருடைய குலப்பெருமையையும் எழுத உட்காரவில்லை. ஒரு கல்யாணத்தை நிறுத்த எழுதினார். அதனால்தான் அவர் கணக்கு நம்பத்தக்கது. ஏழு தலைமுறை வரை உறவில் மணம் கூடாது என்றிருந்த திருச்சபை விதி, 1215இல் நான்காம் லாட்டரன் பொதுச்சங்கத்தில்தான் நான்காகக் குறைந்தது. அதுவரை ஒவ்வொரு பெரிய குடும்பமும் மணம் பேசவும் மணத்தை முறிக்கவும் உறவு எண்ணிக்கொண்டே இருந்தது. அந்த எண்ணிக்கைகள் இன்று ஆய்வாளருக்குப் புதையல்.

இரண்டாவது வழக்கு வில்லியம் லாங்கெஸ்பேயின் தாய் பற்றியது. இரண்டாம் ஹென்றிக்கு மணத்துக்கு வெளியே பிறந்த இவர் சால்ஸ்பரி பிரபுவானார்; 1226இல் இறந்து சால்ஸ்பரி பேராலயத்தில் அடக்கமானார். தாய் யார் என்று கேட்டால் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த பெயர் ரோசமண்ட் கிளிஃபர்ட். ஹென்றியின் காதலியாக ரோசமண்டைப் பற்றிக் கதைகள் வளர்ந்திருந்தன; கதையில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு மகனையும் கொடுத்துவிடுவது எளிதாக இருந்தது. வில்ட்ஷயரில் உள்ள பிராடன்ஸ்டோக் மடத்தின் சாசனத் தொகுதி 1979இல் அச்சில் வந்தது. மடத்துக்கு லாங்கெஸ்பே கொடுத்த தானச் சாசனங்களில், தம் தாயாகிய சீமாட்டி இடா என்று அவரே குறிப்பிடுகிறார்.

தாயின் பெயர் கிடைத்தது. எந்த இடா? 1214இல் பூவீன் போர்க்களத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த கைதிகளின் பட்டியலில் ரால்ஃப் பிகட் என்ற பெயர் வருகிறது. பக்கத்திலேயே, சால்ஸ்பரி பிரபுவின் சகோதரர் என்ற குறிப்பு. பிகட் குடும்பம் நார்ஃபக் பிரபுக்கள். ரோஜர் பிகட்டின் மனைவி பெயர் இடா. அரசரின் காப்பில் இருந்த அந்தப் பெண்ணை 1181இன் இறுதியில் ரோஜருக்கு மணமுடித்து, அரசர் நிலங்களையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். மடத்துச் சாசனமும் எதிரி நாட்டுக் கைதிப் பட்டியலும் ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டவை. இரண்டும் ஒரே பெண்ணைச் சுட்டின. அவர் டோனி குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதும் அதன்பின் நிறுவப்பட்டது. தகப்பனை இழந்து அரசரின் பொறுப்பில் வளர்ந்த ஒரு பெண், அந்த அரசருக்கே பிள்ளை பெற்று, பிறகு இன்னொருவருக்கு மணமாகிப் போன வாழ்க்கை, கதைப்பாட்டுக்குப் பின்னால் பல நூறாண்டு மறைந்து கிடந்திருக்கிறது. இத்துறையின் மிக உயர்ந்த பயன் இப்படிப்பட்ட மீட்புதான் என்பது என் கருத்து.

மீட்கப்படாத தாய்மார் இன்னும் ஏராளம். முதலாம் ஹென்றிக்கு மணத்துக்கு வெளியே இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பலருடைய தாய் பெயர் இல்லை. வேல்ஸ் இளவரசர் லவெலினை மணந்த ஜோன், ஜான் அரசரின் மகள். 1226இல் திருத்தந்தை அவரை முறைப்பிள்ளையாக அங்கீகரித்தார். அவர் தாயைப் பற்றி டியூக்ஸ்பரி மடத்து ஆண்டுக்குறிப்பு கிளெமென்சியா என்ற பெயரைத் தருகிறது; அந்தப் பெண் யார் என்பது இன்னும் தீரவில்லை. மறுபக்கம், இல்லாத பிள்ளைகளைக் கழிக்கும் வேலையும் உண்டு. மூன்றாம் ஹென்றிக்கும் புரொவான்ஸ் எலெனோருக்கும் ஒன்பது பிள்ளைகள் என்று பாடநூல்கள் எழுதிவந்தன. வரலாற்றாசிரியர் மார்கரெட் ஹவல் ஆராய்ந்தபோது ஐவருக்குத்தான் அக்காலச் சான்று இருந்தது. மற்ற நால்வரும் பிற்காலக் கை நுழைத்த பெயர்கள் என்று அவர் முடிவு கட்டினார். அரண்மனைச் செலவுக் கணக்குகள் விரிவாக உள்ள காலம் அது. குழந்தை பிறந்தால் மெழுகுவர்த்தி, தானம், செவிலிக்குக் கூலி என்று எங்காவது செலவு எழுதியிருக்கவேண்டும்.

இத்தகைய கணக்கேடுகள் இங்கிலாந்துக்கு வாய்த்த பெரும் செல்வம். அரசுக் கருவூலச் சுருள்களில் மிஞ்சியவற்றில் பழையது 1130ஆம் ஆண்டுக்கு உரியது. ஜான் அரசரின் காலத்திலிருந்து அரசாணைகளின் நகல் சுருள்கள் வரிசையாகத் தொடங்குகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால் விசாரணை நடத்தும் முறை நிலைபெற்றது. இறந்தவர் எந்த நாளில் இறந்தார், என்ன நிலம், வாரிசு யார், வாரிசுக்கு என்ன வயது என்று உள்ளூர்ப் பெரியவர்களைச் சத்தியம் வாங்கிக் கேட்டு எழுதினார்கள். இளவயது வாரிசு 21 வயதை எட்டிவிட்டான் என்று நிறுவ இன்னொரு விசாரணை. அவன் ஞானஸ்நானம் பெற்ற நாளில்தான் என் கால் முறிந்தது, அன்றுதான் என் மகனும் பிறந்தான் என்று சாட்சிகள் சொல்வார்கள். லண்டனில் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இவற்றைப் படிப்பவருக்கு ஊரே பேசுவதுபோல் இருக்கும். ஆனாலும் எச்சரிக்கை வேண்டும். ஒரே கால்முறிவு வெவ்வேறு ஊர்ச் சாட்சியத்தில் ஒரே சொற்களில் வருவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எழுத்தர் மாதிரிப் படிவம் வைத்துக்கொண்டு நிரப்பியிருக்கிறார். காரியத்துக்கு எழுதிய ஏடும் தன் காரியத்துக்கு ஏற்ப வளையும்.

அச்சு நூல்களின் காலத்தில் பெருமை மறுபடி தலைதூக்கியது. டியூடர் காலத்திலிருந்து குலச்சின்ன அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பதிந்த வம்சாவளிகளில் குடும்பங்கள் சொன்னதெல்லாம் ஏறிவிட்டது. விக்டோரியா காலத்துப் பிரபுகுல அகராதிகள் அவற்றை அப்படியே அச்சேற்றின. இந்தக் குப்பையைக் கிளறித் தள்ளியவர் ஜான் ஹோரஸ் ரவுண்ட் (1854–1928). கடுமையான மனிதர், சக அறிஞர்களைத் தாக்குவதில் இரக்கமே காட்டாதவர். அந்தக் கடுமை தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். மூலச் சாசனம் காட்டாத எந்த உறவையும் ஏற்கக்கூடாது என்ற ஒழுங்கை வேரூன்றச் செய்தவர்களில் அவர் முதன்மையானவர். பிரபுகுல வரலாற்றுக் களஞ்சியமான ‘கம்ப்ளீட் பீரேஜ்’ 1910 முதல் இரண்டாம் பதிப்பாக விரிந்தபோது அந்த ஒழுங்கு அதில் படிந்தது. இன்று அரச கிளைகளைத் தேடுபவர் முதலில் திறக்கவேண்டிய நூல் அதுதான். நார்மன் வெற்றிக்குப் பின் வந்த நூறாண்டு மனிதர்களுக்கு ஆய்வாளர் கீட்ஸ் ரோஹனின் இரு பெருந்தொகுதிகளும் துணை.

ஏடுகள் இப்படி ஒழுங்குபட்டுவந்த நேரத்தில் எலும்பு பேசத் தொடங்கியது. 2012இல் லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த எலும்புக்கூடு அரசர் மூன்றாம் ரிச்சர்டுடையதுதானா என்று அறிய, தாய்வழியில் மட்டும் கடத்தப்படும் மரபணுவை ஒப்பிட்டார்கள். அதற்கு ரிச்சர்டின் அக்கா ஆன் வழியாக, மகள், மகளின் மகள் என்று இன்றுவரை பெண்வழியே இறங்கவேண்டும். பிரபுகுல நூல்களில் மிகக் குறைவாகக் கவனிக்கப்பட்ட வழி அது. வரலாற்றாசிரியர் ஜான் ஆஷ்டவுன் ஹில் அந்த வழியைத் தேடி இறங்கியிருந்தார். பின்னர் இன்னொரு பெண்வழியும் கண்டுபிடிக்கப்பட்டது. மரபணு பொருந்தியது. ஐந்நூறு ஆண்டுப் பெண்வழி ஏடு ஒரு கண்ணிகூடப் பிசகாமல் நின்றது.

தந்தைவழி நிற்கவில்லை. 2014இல் வெளிவந்த அதே ஆய்வு, மூன்றாம் எட்வர்டின் மகன் ஜான் ஆஃப் காண்ட் வழியாக இறங்கும் பியூஃபர்ட் கோமகன் குடும்பத்தின் ஐந்து ஆண்களைச் சோதித்தது. எவருடைய தந்தைவழி மரபணுவும் ரிச்சர்டோடு பொருந்தவில்லை. ரிச்சர்டுக்கும் ஐந்தாம் பியூஃபர்ட் கோமகனுக்கும் நடுவே ஏட்டின்படி உள்ள 19 கண்ணிகளில் எங்கோ ஒன்றாவது தவறு. உடனே செய்தித்தாள்கள் அரச உரிமை ஆட்டம் கண்டதாக எழுதின. கண்ணிகளை எண்ணிப் பார்த்தால் அவ்வளவு அவசரம் தேவையில்லை. பெரும்பாலானவை, அரியணையோடு தொடர்பில்லாத பிற்காலப் பிரபு குடும்பத்துக் கண்ணிகள். ரிச்சர்டின் யார்க் குடும்பம் அரியணை கேட்டதும் முதன்மையாக ஆண்வழியில் இல்லை. மூன்றாம் எட்வர்டின் மகன் லயனலின் மகள் பிலிப்பா, அவர் வழிவந்த ஆன் மார்டிமர் என்ற பெண்களின் வழியில்.

தவறு மூன்றாம் எட்வர்டுக்கும் ஜான் ஆஃப் காண்டுக்கும் நடுவிலோ, காண்டுக்கும் அவர் மகன் ஜான் பியூஃபர்ட்டுக்கும் நடுவிலோ இருந்தால்தான் லங்காஸ்டர், டியூடர் உரிமைகளைத் தொடும். காண்டின் பியூஃபர்ட் பிள்ளைகள் மணத்துக்கு முன் பிறந்தவர்கள். பெற்றோர் 1396இல் மணந்தபின், 1397இல் நாடாளுமன்றம் அவர்களை முறைப்பிள்ளைகள் ஆக்கியது. 1407இல் நான்காம் ஹென்றி, அரசுரிமை மட்டும் கிடையாது என்று சேர்த்தார். மூன்றாம் எட்வர்ட் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். காண்டின் கல்லறையோ பழைய புனித பவுல் பேராலயத்தில் இருந்தது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் பேராலயத்தோடு போய்விட்டது. அந்தக் கண்ணியைச் சோதிக்க வேண்டுமானால் ஏடுகளில்தான் இன்னும் தேடவேண்டும்.