இன்னொரு தகப்பன்

ஜோர்ஜ் ஃபிரான்ஜூவின் கறுப்பு வெள்ளைப் படமான ‘முகமற்ற கண்கள்’ (1960) பற்றிப் பேசுவோர், டொக்டர் ஜெனெசியே ஒரு பெண்ணின் முகத்தோலை உரித்தெடுக்கும் காட்சியையே சொல்வார்கள். என்னை உலுக்கியது பிணவறைக் காட்சிதான். விபத்தில் முகம் சிதைந்த மகளுக்காக டொக்டர் செய்த சத்திரசிகிச்சையில் இன்னொருத்தி இறந்துபோகிறாள். அவளது உடலைத் தன் மகளுடையதென்று அடையாளம் காட்டுகிறார். இறந்தவளின் தகப்பனும் அங்கே வந்து நிற்கிறார். உங்களுக்காவது நம்பிக்கை மிச்சமிருக்கிறதே என்று அவருக்கு ஆறுதல் வேறு! பிள்ளை காணாமல்போன வீடுகளை அறிந்த நம்மவர்க்கு இக்கொடூரத்தை விளக்கவேண்டியதில்லை. எடித் ஸ்கொப்பின் முகமூடியும், நாஜிகளின் ஜெர்மனியைவிட்டு வெளியேறிய ஒய்கன் ஷுஃப்டானின் கமெராவும் அபாரம். ஆனால் படமோ அந்தத் தகப்பனை விட்டுவிட்டு டொக்டரின் மாளிகைக்குத் திரும்பிவிடுகிறது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.