முக்கால் நூற்றாண்டு தாமதமாக வந்த கோப்பைகள்

உலக அறிவியல் புனைகதை மாநாடு 2020-இல் நியூசிலாந்தில் கூடுவதாக இருந்தது. பெருந்தொற்று அதை இணையத்துக்குத் தள்ளியது. தொடக்க நாள்களில் ஓர் அறிவிப்பு வந்தது. 1944-ஆம் ஆண்டின் சிறந்த இதழாசிரியர் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல். அவர் இறந்து அப்போது 49 ஆண்டுகள் ஆகியிருந்தன. சில நாள் கழித்து அதே மாநாட்டில், அதே உறுப்பினர்களின் வாக்கால் வேறொரு விருது வழங்கப்பட்டது. கேம்ப்பெல் பெயரிலான புதுமுக எழுத்தாளர் விருதை முந்தைய ஆண்டு டப்ளினில் பெற்ற ஜெனட் இங், மேடையில் நின்றபடியே அவரை ஃபாசிஸ்ட் என்று சாடியிருந்தார். அந்த உரைக்குத்தான் இந்த விருது. இதற்குள் புதுமுக விருதிலிருந்து கேம்ப்பெலின் பெயரும் எடுக்கப்பட்டுவிட்டது.

ஒரே வாரத்தில் ஒரு மனிதருக்கு மாலையும் விழுந்தது, வசையும் விழுந்தது. இதை வாக்காளர்களின் தடுமாற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. 'ரெட்ரோ ஹியூகோ' என்ற பின்னோக்கு விருது எதை அளக்கிறது என்பதிலேயே தெளிவில்லை. கேம்ப்பெல் விவகாரம் அதை ஊரறியச் செய்தது, அவ்வளவுதான்.

1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கினார். மரக்கூழிலிருந்து செய்த மலிவுத் தாள், கண்ணைப் பறிக்கும் அட்டைப்படம், சொல் கணக்கில் எழுத்தாளருக்குக் கூலி என்று பல்ப் இதழ்களின் உலகம் அமைந்தது. 1930-இல் 'அஸ்டவுண்டிங்' வந்தது. 1937 இறுதியில் அதன் ஆசிரியர் பொறுப்பு கேம்ப்பெல் கைக்குப் போனது. அசிமோவும் ஹைன்லைனும் வான் வோக்ட்டும் அவருடைய இதழில்தான் பெயர் பெற்றார்கள். கெர்ன்ஸ்பேக்கின் பெயரால் இந்த மாநாடு தரும் ஹியூகோ விருது முதன்முதலில் ஃபிலடெல்ஃபியாவில் வழங்கப்பட்டது 1953-இல். பல்ப் இதழ்களின் செழிப்பான காலம் அதற்குள் ஓய்ந்துவிட்டது. அந்தக் கதைகளில் மிகப் பெரும்பாலானவை எந்தப் பரிசும் காணாமல், பழுத்து நொறுங்கும் தாளோடு முடங்கிவிட்டன.

இந்தக் குறையைத் தீர்க்க 1990-களின் நடுவில் ஒரு விதி வந்தது. மாநாடு நடந்தும் ஹியூகோ வழங்கப்படாத ஆண்டுகளுக்கு, 50, 75 அல்லது 100 ஆண்டுகள் கழித்துக் கூடும் மாநாடு விரும்பினால் விருது தரலாம் என்றது அது. போரால் மாநாடே கூடாத ஆண்டுகளும் பின்னர் சேர்க்கப்பட்டன. 1996-இல் தொடங்கி 2020 வரை எட்டு முறை இப்படி வழங்கப்பட்டிருக்கிறது.

இதனால் விளைந்த நன்மைகள் உண்மையானவை. 2004-இல் பாஸ்டனில் 1953-ஆம் ஆண்டுப் படைப்புகளுக்கு வாக்களித்தார்கள். ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' சிறந்த நாவலாகவும், ஆர்தர் சி. கிளார்க்கின் 'த நைன் பில்லியன் நேம்ஸ் ஆஃப் காட்' சிறந்த சிறுகதையாகவும் வந்தன. ஃபிரெடரிக் போல் சிறந்த இதழாசிரியர் ஆனார். மூவரும் அப்போது உயிரோடு இருந்தார்கள். கிளார்க் கொழும்பில் வசித்துவந்தார். அரை நூற்றாண்டு கடந்தாலும் பரிசு உரியவரிடமே போய்ச் சேர்ந்தது. 2014-இல் லண்டன் மாநாடு 1938-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டபோது அந்த மூவருமே இல்லை. 75 ஆண்டுக் கணக்கு வந்ததும், இந்த விருது எழுத்தாளரை விட்டு விலகி வாசகர்களுக்கான சடங்காக மாறியது.

வாசகர்களுக்கும் அதில் லாபம் இருந்தது. இறுதிப் பட்டியல் வெளியானதும் பலர் பழைய இதழ்களைத் தேடிப் படித்தார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28-ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். பல பல்ப் பதிப்பகங்கள் அதைச் செய்யாததால், ஏராளமான கதைகள் பொதுவுடைமையாகி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வழியைக் காட்ட ஒரு பட்டியல்தான் தேவைப்பட்டது.

அந்தத் தேடலின் பலன் 2020-இல் நன்றாகவே தெரிந்தது. 1944-இன் சிறந்த நாவலாக லீ பிராக்கெட்டின் 'ஷேடோ ஓவர் மார்ஸ்' தேர்வானது. 'ஸ்டார்ட்லிங் ஸ்டோரீஸ்' இதழில் வந்த செவ்வாய் கிரகச் சாகசக் கதை அது. 'த பிக் ஸ்லீப்' படத்தின் திரைக்கதையில் பங்காற்றியவர், 'எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்துக்கு முதல் வரைவு எழுதியவர் என்றே அவரைப் பலர் அறிந்திருந்தார்கள். 2018-இலும் 2019-இலும் 'லூயிஸ் பேட்ஜெட்' என்ற புனைபெயர்க் கதைகள் வென்றபோது, அந்தப் பெயருக்குப் பின்னால் ஹென்றி கட்னரோடு அவருடைய மனைவி சி.எல். மூரும் இருந்தது மீண்டும் பேசப்பட்டது. அஸ்டவுண்டிங்கின் நிழலில் மறைந்துபோன இதழ்களுக்கும் பெண் எழுத்தாளர்களுக்கும் இந்த வெளிச்சம் வேண்டியிருந்தது.

ஆனால் எட்டு முறை வந்த முடிவுகளையும் அடுக்கிப் பார்த்தால் பிராக்கெட் விதிவிலக்காகத்தான் தெரிகிறார். பெரும்பாலும் வென்றது, வாக்காளருக்கு ஏற்கெனவே பழகிய பெயர்.

1938-ஆம் ஆண்டின் சிறுகதைப் பிரிவைப் பாருங்கள். போட்டியில் லெஸ்டர் டெல் ரேயின் 'ஹெலன் ஓலாய்' இருந்தது. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் வாக்களித்துத் தேர்ந்து, 1970-இல் ராபர்ட் சில்வர்பெர்க் தொகுத்த 'சயன்ஸ் ஃபிக்ஷன் ஹால் ஆஃப் ஃபேம்' நூலில் இடம்பெற்ற கதை அது. ஆனால் வென்றதோ கிளார்க்கின் 'ஹவ் வீ வென்ட் டு மார்ஸ்'. இருபது வயதில் ஓர் அமெச்சூர் இதழுக்கு அவர் எழுதிய நகைச்சுவைத் துணுக்கு. பின்னாளில் '2001' எழுதியவரின் பெயர் மேலே இல்லாமல் இருந்தால் அதை இறுதிப் பட்டியலில்கூடச் சேர்த்திருப்பார்களா?

1940-ஆம் ஆண்டின் சிறுகதைப் போட்டி இன்னும் விசித்திரமானது. போர்ஹெஸின் 'ட்லோன், உக்பார், ஓர்பிஸ் டெர்டியஸ்' அசிமோவின் 'ராபி'யிடம் தோற்றது. ரசனை வேறுபாடு என்று இதை விட்டுவிடலாம்; விட முடியாதது வேறொன்று. 1940-இல் 'சூப்பர் சயன்ஸ் ஸ்டோரீஸ்' இதழில் அந்தக் கதை 'ஸ்ட்ரேஞ்ச் ப்ளேஃபெல்லோ' என்ற தலைப்பில் வந்தது. 1950-இல் 'ஐ, ரோபாட்' தொகுப்புக்காக அசிமோவ் அதைத் திருத்தினார். ரோபாட் விதிகளில் முதலாவது அப்போதுதான் கதைக்குள் நுழைந்தது. இன்று எளிதில் கையில் கிடைப்பது புத்தக வடிவம். 1940-ஆம் ஆண்டின் பரிசு 1950-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் போகவில்லை என்று யார் உறுதி சொல்ல முடியும்?

பல்ப் இதழ்களைக் காப்பாற்ற வந்த விருது, பல்ப் அல்லாதவற்றுக்கும் தாராளமாகப் போயிருக்கிறது. 1945-இன் சிறந்த குறுநாவல் ஜார்ஜ் ஆர்வெலின் 'அனிமல் ஃபார்ம்'. 1943-க்கு 'குட்டி இளவரசன்'. 1938-இன் சிறந்த நாவல் டி.ஹெச். ஒயிட்டின் 'த ஸோர்ட் இன் த ஸ்டோன்'. திரை வடிவங்களில் 'ஃபேண்டேசியா', 'பினோக்கியோ', 'பாம்பி' என்று டிஸ்னியின் படங்கள். இவை சிறந்த படைப்புகள்தான். ஆனால் இவற்றில் எதை யார் மறந்தார்கள்? மீட்டெடுக்க எதுவும் இல்லாத இடத்தில் மீட்பு விருது எதற்கு?

இதழாசிரியர் பிரிவு இன்னும் வெளிப்படையானது. எட்டில் ஏழு முறை கேம்ப்பெலே வென்றார். 1953-ஆம் ஆண்டுக்கு மட்டும் போல். 1940 முதல் 'வியர்ட் டேல்ஸ்' இதழை நடத்திய டோரதி மெக்இல்ரைத் இறுதிப் பட்டியலோடு நின்றுவிட்டார். கேம்ப்பெலின் இதழ்ப் பணியைக் குறைத்து மதிப்பிட முடியாது. அதே கேம்ப்பெல்தான் பின்னாளில் தலையங்கங்களில் அடிமை முறைக்குப் பரிந்து பேசினார். கறுப்பின நாயகன் கொண்ட நாவலைத் தன் வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சாமுவேல் டிலேனியின் 'நோவா'வை மறுத்தார். 1944-இல் அவர் செய்த பணியை மட்டும் தனியே பிரித்து மதிப்பிடுவது ஏட்டளவில் சாத்தியம். ஆனால் வாக்களிப்பவரும் கைதட்டுபவரும் இன்றைய மனிதர்கள். அவர்களுடைய விருது இன்றைய மரியாதையாகத்தான் போய்ச் சேரும். அதே 2020-இல் சிறந்த தொடருக்கான பரிசு, 1937-இலேயே இறந்துவிட்ட லவ்கிராஃப்டின் க்தூலு கதைகளுக்குப் போனது. ஓவியர் மார்கரெட் பிரண்டேஜின் வெற்றி மகிழ்ச்சிக்குரியது. ஆனாலும் அவருடைய வியர்ட் டேல்ஸ் அட்டைகளின் உச்சக்காலம் 1930-கள். 1944 என்ற ஆண்டு பெயருக்குத்தான் இருந்தது. வாக்குகள் ஒட்டுமொத்த வாழ்நாளுக்கு விழுந்தன.

காலக்கணக்கிலும் ஓட்டை உண்டு. அறிவியல் புனைகதையின் பொற்காலத் தொடக்கம் என்று பலர் சொல்வது வான் வோக்ட்டின் 'பிளாக் டெஸ்ட்ராயர்' வந்த 1939 ஜூலை அஸ்டவுண்டிங் இதழை. அசிமோவின் 'நைட்ஃபால்' வந்தது 1941-இல். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இதுவரை பின்னோக்கு விருது வழங்கப்படவில்லை. விருது தருவதா வேண்டாமா என்பது அந்தந்த மாநாட்டுக் குழுவின் விருப்பமாக இருந்ததால், வரலாற்றின் முக்கியமான பக்கங்களே விடுபட்டுவிட்டன.

உடனுக்குடன் தரப்படும் விருதும் தவறும். 1955-இல் ஹியூகோ பெற்ற மார்க் கிளிஃப்டன், ஃபிராங்க் ரைலி எழுதிய 'தே'ட் ராதர் பி ரைட்' நாவலை, அந்த விருது பெற்ற மோசமான நாவல் என்று பலர் இன்றும் கேலி செய்கிறார்கள். ஆனால் அந்தத் தவறே ஓர் ஆவணம். அன்றைய வாசகர் எதைக் கண்டு மயங்கினார் என்பதை அது பதிவு செய்கிறது. பின்னோக்கு வாக்கெடுப்பிலிருந்து அப்படியொரு தகவல் கிடைக்காது. காலம் ஏற்கெனவே சலித்து வைத்ததை அது திரும்பவும் சலிக்கிறது.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 2001-இல் தொடங்கிய 'கார்ட்வெய்னர் ஸ்மித் மறுகண்டுபிடிப்பு விருது' மறக்கப்பட்ட எழுத்தாளரையே குறிவைக்கிறது. தேர்வு செய்வது சிறிய நடுவர் குழு. முதல் ஆண்டு ஓலாஃப் ஸ்டேப்பிள்டன், 2004-இல் கட்னரும் மூரும், 2005-இல் பிராக்கெட். ரெட்ரோ ஹியூகோ பிராக்கெட்டைக் கண்டுகொள்வதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே இது நடந்தது. 2010-இல் மார்க் கிளிஃப்டனுக்கும் இந்த விருது கிடைத்தது. ஒரு மோசமான நாவலுக்காகக் கேலிக்குள்ளானவரிடம் படிக்கத்தக்க சிறுகதைகள் இருப்பதை நடுவர்கள் கவனித்தார்கள். பெயரை வைத்து வாக்களிக்கும் கூட்டத்துக்கு அந்தப் பொறுமை வராது. நடுவர் குழுவுக்கும் சார்புகள் உண்டுதான். ஆனால் படிக்காமல் முடிவு செய்ய அதற்கு வழியில்லை.

ஆக, ரெட்ரோ ஹியூகோவால் விளைந்த நன்மை பெரும்பாலும் கோப்பை வழங்குவதற்கு முன்பே விளைந்துவிட்டது: பரிந்துரைக்கும் கட்டத்தில், பழைய இதழ்களைப் புரட்டிய வாசகர்களிடத்தில். அதனால் ஏற்பட்ட சங்கடம் பெரும்பாலும் மேடையில் நிகழ்ந்தது. அப்படியானால் மாநாடுகள் வைத்துக்கொள்ள வேண்டியது முதல் பாதியை. ஆண்டுக்கு ஒரு பழைய ஆண்டை எடுத்து, முதலில் அச்சான வடிவத்திலேயே படித்த ஒரு குழு ஐம்பது கதைகளைப் பட்டியலிடட்டும். சிறிய இதழ்களுக்கும் அதில் இடம் இருக்கட்டும்; எந்தக் கதை எங்கே படிக்கக் கிடைக்கும் என்ற குறிப்பும் சேரட்டும். அந்தப் பட்டியலில் கேம்ப்பெலின் 'ஹூ கோஸ் தேர்?' தன் தகுதியாலேயே இடம்பிடிக்கும். மெக்இல்ரைத் அச்சிட்ட கதைகளும் பிராக்கெட்டின் செவ்வாய்க் கதைகளும் அதன் பக்கத்திலேயே இருக்கும். முதலிடம் யாருக்கு என்று யாரும் வாக்களிக்க வேண்டியதில்லை.