7,000 டாலர் படம்: பாராட்டா, சலுகையா?

படம் பார்த்துவிட்டு வருபவரிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் கதை, நடிப்பு, சண்டை என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். 'எல் மரியாச்சி' படத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், பெரும்பாலும் முதலில் ஓர் எண்தான் வரும்: "7,000 டாலர்ல எடுத்த படமாம்!" படத்தைப் பார்க்காதவர்கள்கூட இதைச் சொல்வார்கள். ஒரு படைப்பின் செலவு நம் மதிப்பீட்டுக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்தபின் என்ன செய்கிறது? கருத்துக் கட்டுரையும் திறனாய்வும் எழுதும் மாணவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

முதலில் தகவல்கள். 1992இல் வெளிவந்த இந்த ஸ்பானிய மொழிப் படத்தை இயக்கியவர் ராபர்ட் ரோட்ரிகஸ். படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 23. டெக்சஸ் எல்லையை ஒட்டிய மெக்சிகோ நகரமான சியுடாட் அகுன்யாவில், 16 மி.மீ. படச்சுருளில் சுமார் இரண்டு வாரத்தில் எடுத்தார். கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாவற்றிலும் அவர் கைதான். செலவில் ஒரு பகுதியை, மருந்துப் பரிசோதனை ஒன்றுக்குத் தன் உடலையே கொடுத்துச் சம்பாதித்தார். மொத்தம் 7,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18,000 ரிங்கிட். ஸ்பானிய வீடியோ சந்தையில் விற்றால் போதும் என்று எடுத்த படத்தைக் கொலம்பியா பிக்சர்ஸ் வாங்கியது. 1993 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அது பார்வையாளர் விருதைப் பெற்றது.

கதை எளிமையானது. பாட்டுப் பாடிப் பிழைக்க, கிட்டார் பெட்டியோடு ஓர் ஊருக்கு வருகிறான் ஓர் இளைஞன். அதே நேரத்தில், சிறையிலிருந்து தப்பிய அசூல் என்பவன் கிட்டார் பெட்டி நிறைய துப்பாக்கிகளோடு அதே ஊருக்குள் நுழைகிறான். இருவருக்கும் கறுப்பு உடை. அசூலைக் கொல்லத் தேடும் மோக்கோவின் அடியாட்கள் பாடகனைத் துரத்துகிறார்கள். அவ்வளவுதான்.

இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் சொல்வதை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு சாரார், "இவ்வளவு குறைஞ்ச காசுல இப்படி எடுத்ததே பெரிய விஷயம்" என்பார்கள். இன்னொரு சாரார், "காசு இல்லன்னு படத்தைப் பார்த்தாலே தெரியுதே, இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்பார்கள். கேட்க எதிரெதிர்க் கருத்துகளாகத் தெரிந்தாலும் இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். படத்தைப் பார்க்காமல் விலைச்சீட்டைப் பார்க்கிறார்கள். முதலாமவர் தருவது பாராட்டு மாதிரி இருக்கும் சலுகை. இரண்டாமவர் சொல்வது விமர்சனம் மாதிரி இருக்கும் விலை மதிப்பீடு.

அந்த எண்ணும் முழு உண்மையைச் சொல்வதில்லை. 7,000 டாலர் என்பது வீடியோவுக்காகப் படத்தைத் தயாரித்து முடித்த செலவு. திரையரங்குக்காக அதை 35 மி.மீ. படச்சுருளுக்கு மாற்றவும் ஒலியைச் சீரமைக்கவும் கொலம்பியா நிறுவனம் அதைப்போலப் பல மடங்கு செலவிட்டது. அரங்கில் உட்கார்ந்து "ஏழாயிரத்துலயா இது!" என்று வியந்தவர்கள் பார்த்ததும் கேட்டதும் ஏழாயிரத்துக்கு வந்தவை அல்ல. விளம்பரத்துக்கு உதவிய எண்ணை நாமும் அப்படியே திருப்பிச் சொன்னால், அது திறனாய்வு ஆகாது.

அப்படியானால் செலவைப் பற்றியே பேசக்கூடாதா? பேசலாம். ஆனால், அது திரையில் என்னவாக மாறியது என்று காட்டிப் பேச வேண்டும்.

ஒலியை எடுத்துக்கொள்வோம். இரவல் வாங்கிய கேமரா இரைச்சல் போட்டதால், படம் பிடித்தபின் நடிகர்களை மறுபடி பேச வைத்துக் குரலைத் தனியாகப் பதிந்தார்கள். தொகுக்கும்போது உதட்டசைவும் குரலும் சில இடங்களில் பொருந்தவில்லை. அங்கெல்லாம் ரோட்ரிகஸ் சட்டென்று வேறு முகத்துக்கோ நாய்க்கோ காட்சியை வெட்டிவிட்டார். பார்ப்பவருக்கு அது வேகமாகத் தெரிகிறது. அதேபோல, வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கி ஒருமுறை சுட்டதும் சிக்கிக்கொண்டதால், ஒரு சூட்டைப் பல கோணங்களில் எடுத்து ஒட்டித் தொடர் சூடாகக் காட்டினார். கேமராவை நகர்த்தும் வண்டிக்குப் பதில் ஒரு சக்கர நாற்காலி. இங்கே இல்லாமை ஒரு நடையாக மாறியிருக்கிறது. இதைச் சொன்னால் அது மதிப்பீடு.

ஆனால், படத்தின் சிறந்த காட்சிக்கும் இந்த உத்திகளுக்கும் தொடர்பில்லை. மதுக்கடை நடத்தும் டோமினோவுக்கு, தன் இடத்தில் தங்கியிருப்பவன் கொலைகாரனோ என்று சந்தேகம். குளியல் தொட்டியில் இருப்பவன்மேல் கத்தியை வைத்து, "நீ பாடகன்னா பாடிக் காட்டு" என்கிற மாதிரி நிற்கிறாள். அவன் பாட வேண்டும். பாட்டு சரியாக வந்தால்தான் உயிர். ஒருவனுடைய கலையே அவனுடைய அடையாள அட்டை ஆகிவிடுகிறது. அந்த அடையாளத்தைத்தான் முடிவில் மோக்கோவின் குண்டு கையைத் துளைத்துப் பறித்துவிடுகிறது. கிட்டார் வாசிக்க வந்தவன் இனி வாசிக்க முடியாது. அவன் ஊரைவிட்டுப் போகும்போது கூட இருப்பவை ஆயுதங்கள்தாம். நூறு மடங்கு செலவழித்திருந்தாலும் இந்த முடிவின் வலி கூடியிருக்காது.

குறைகளையும் இதே நேர்மையோடு சொல்ல வேண்டும். வில்லனாக நடித்த பீட்டர் மார்க்வார்ட் அந்த மருந்துப் பரிசோதனையில் இயக்குநருக்கு அறிமுகமானவர். ஸ்பானிய மொழி சரியாகத் தெரியாது. அவர் வசனத்தில் விறைப்பு தெரிகிறது. அதைப் பணத்தட்டுப்பாட்டின் விளைவு என்று விளக்கலாம். ஆனால் விளக்கம் வேறு, மன்னிப்பு வேறு. திரும்பத் திரும்ப வரும் கனவுக் காட்சிகள் கதையை நகர்த்தவில்லை. துணிச்சலாக அறிமுகமாகும் டோமினோ, கடைசியில் நாயகனின் துயரத்துக்காகச் சாகும் பாத்திரமாகச் சுருங்கிவிடுகிறாள். இதைப் பட்ஜெட் தலையில் கட்ட முடியாது. நல்ல பாத்திரம் எழுதக் காசு வேண்டாம்.

நம் வகுப்புக்கு இதில் என்ன பாடம்? மாணவர்கள் கட்டுரையில் "குறைந்த செலவில் எடுக்கப்பட்ட நல்ல முயற்சி, பாராட்டுக்குரியது" என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறோம். உள்ளூர்த் தமிழ்ப் படமானால் "நம்ம படம்லா, ஆதரவு கொடுக்கணும்" என்பதும் சேர்ந்துகொள்ளும். ஆதரவு கொடுப்பது நல்ல காரியம். டிக்கெட் வாங்கிக் கொடுக்கலாம். மதிப்பீட்டில் சலுகை கொடுத்தால், "உன்னிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை" என்று படைத்தவரிடம் மரியாதையாகச் சொன்னதாக ஆகிவிடும். மாணவர்கள் கைபேசியில் எடுத்துவரும் குறும்படத்துக்கு நாம் "குட், நல்ல முயற்சி" என்று மட்டும் எழுதிக் கொடுத்தாலும் இதே கதைதான்.

இரண்டு வாக்கியங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வலுவற்றது: "செலவே இல்லாமல் எடுத்தாலும் படம் விறுவிறுப்பாக உள்ளது."

வலுவானது: "குரலும் உதட்டசைவும் பொருந்தாத இடங்களில் காட்சியை உடனுக்குடன் மாற்றியதால், குறையை மறைக்கச் செய்த வேலையே படத்துக்கு வேகத்தைத் தந்துள்ளது."

முதல் வாக்கியத்தை எந்தச் சிறு படத்துக்கும் எழுதலாம். இரண்டாவது இந்தப் படத்துக்கு மட்டுமே பொருந்தும். கருத்தும் சான்றும் காரணமும் ஒன்றாக இருக்கின்றன.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. 'எல் மரியாச்சி'யில் வன்முறையும் இரத்தமும் அதிகம். மாணவர்களுக்குப் போட்டுக் காட்ட ஏற்றதல்ல. அதற்குப் பதிலாக, பள்ளிக்கு ஏற்ற உள்ளூர்க் குறும்படம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பார்த்தபின் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். அதில் 'செலவு', 'முயற்சி' என்ற சொற்கள் வரக்கூடாது. அடுத்து இரண்டாவது பத்தி: இதில் 'செலவு' ஒரே ஒருமுறை வரலாம், வந்தால் ஒரு காட்சியோடு சேர்ந்துதான் வர வேண்டும். முதல் பத்தியை எழுத மாணவர்கள் கொஞ்சம் திணறுவார்கள். அவசரப்பட்டுச் சொல் எடுத்துக் கொடுக்க வேண்டாம். படத்தை இன்னொரு முறை ஓடவிடுங்கள்.