சைட்டோகைன் சிப்பாய் இல்லை

எதிர்ப்பு சக்தி பற்றிய எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் சைட்டோகைனைப் போர்வீரனாக்கி விடுகிறார்கள். 'கூடினால் நல்லது' என்ற நினைப்பு அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது. அது செல்லுக்குச் செல் போகும் புரதச் செய்தி, அவ்வளவுதாங்க. இன்டர்ஃபெரான் வைரஸைத் தொடுவதுகூட இல்லை. 'திருடன் வந்துட்டான், கதவைச் சாத்து' என்று பக்கத்து செல்லுக்குச் சொல்கிறது.

செய்தி அளவு மீறினால்? 2006 மார்ச், லண்டன். டி செல்களை உசுப்பும் டிஜிஎன் 1412 மருந்தை ஆரோக்கியமான ஆறு ஆண்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். விலங்குகள் தாங்கிய அளவில் 500-ல் ஒரு பங்குதான். ஒன்றரை மணி நேரத்தில் சைட்டோகைன் புயல். ஆறு பேரும் ஐசியூவில். கிருமியே இல்லாமல்! நல்லவேளை, பிழைத்தார்கள்.

கோவிடில் வென்டிலேட்டர் நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்த டெக்ஸாமெத்தசோன், எதிர்ப்பை அடக்கும் மருந்து. 'இம்யூனிட்டி பூஸ்டர்' விளம்பரங்களில் இதைப் பார்த்திருக்கிறீர்களா?