பாட்டு நாட்டுடைமை, எழுத்துரு தனியுடைமை

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் குயில் தோப்பு இருக்கிறது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியின் ‘குயில் பாட்டு’க்குக் களமாகச் சொல்லப்படும் இடம். அங்கே நின்று இன்று போனில் அந்தப் பாட்டைத் தேடினால் உடனே திரைக்கு வந்துவிடும். இருபது ஆண்டுகளுக்கு முன் அது நடக்காத காரியம். பாரதி பாடல்கள் 1949லேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. ஆனால் இணையத்தில் பெரும்பாலான தமிழைத் திரையில் காட்டிய எழுத்துருவும் அதை இறக்கித் தந்த செருகுநிரலும் தனி நிறுவனங்களின் சொத்தாக இருந்தன.

1990களின் இறுதியில் தமிழ்ப் பத்திரிகைத் தளம் எதைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது ‘எழுத்துருவை இறக்கிக்கொள்ள இங்கே சொடுக்கவும்’ என்ற வரிதான். ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருக்கள் அவை. எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதைத் தளத்துக்குத் தளம் தங்கள் விருப்பப்படி முடிவு செய்துகொண்டார்கள். மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்காரும் பிரவுசிங் சென்டரில் யாரும் எழுத்துரு நிறுவிக்கொண்டிருக்க மாட்டார்கள். அதற்கு மருந்தாக 1997இல் வந்தவை ‘டைனமிக் ஃபான்ட்’கள். மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4க்கு ஒரு வகை, நெட்ஸ்கேப் 4க்கு பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரூடாக் என்று இன்னொரு வகை. பக்கத்தைத் திறந்தால் எழுத்துருவும் கூடவே வந்து இறங்கும். ஒருவர் வகை மற்றவர் உலாவியில் ஓடாது. ட்ரூடாக் எக்ஸ்புளோரரில் தெரிய வேண்டுமானால் அதற்கென்று ஒரு செருகுநிரல் தேவை.

இதை இன்று கேலி செய்வது எளிது, ஆனால் நியாயமில்லை. உலக மொழிகளுக்குப் பொதுக் குறிமுறையான யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் அதைக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000இல்தான். தரம் ஏட்டில் இருந்தால் வாசகனுக்கு என்ன பயன்? 1999இல் டொராண்டோவிலோ பாரிஸிலோ இருந்த தமிழர் ஊர்ச் செய்தியைத் தமிழில் படித்தார் என்றால், அது இந்த ஒட்டுவேலைகளின் புண்ணியம்.

தொழில்நுட்பமாகவும் அவற்றுக்கு ஒரு வசதி இருந்தது. ‘கொ’ என்பதைப் பழைய முறைகள் கொம்பு, க, கால் என்று கண் பார்க்கும் வரிசையிலேயே சேமித்தன. எழுத்துரு இருந்தால் போதும், கருவிக்கு வேறு அறிவு வேண்டாம். யூனிகோடு முதலில் ‘க’, பிறகு ‘ஒ’வுக்கான குறி என்று சேமிக்கிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து எழுத்தின் இரு பக்கமும் வைக்கக் கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொடக்ககால ஸ்மார்ட்போன்கள் பலவற்றுக்கு இது தெரியாது. கொம்பு தனியே நின்றது, அல்லது எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் வந்தன. எடையையும் பாருங்கள். ‘வணக்கம்’ என்ற சொல்லுக்கு டிஸ்கி என்ற பழைய குறிமுறையில் 5 பைட்டு போதும். யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் 21 பைட்டு. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், யூனிகோடு தமிழுக்கு 70. காசு கொடுத்து 2ஜி வாங்கியவருக்கு இது சின்ன விஷயமில்லை.

போனில் இந்த முட்டுக்கட்டையை உடைத்ததும் ஒரு தனியார் தந்திரம்தான். ஓபரா மினி உலாவியின் முகவரிக் கட்டத்தில் opera:config என்று தட்டினால் ஓர் அமைப்புப் பக்கம் திறக்கும். அதன் அடியில், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்று ஒரு வரி. ‘ஆம்’ என்று மாற்றிச் சேமித்தால் போதும், பொத்தான் வைத்த சாதாரண போனிலும் தமிழ் பளிச்சென்று தெரியும். ஓபராவின் சர்வர் தமிழ் வரிகளைப் படமாக மாற்றி அனுப்பியது. பக்கம் கனத்தது, படத்திலிருந்து எதையும் வெட்டி ஒட்ட முடியாது. இருந்தாலும் 2010 வாக்கில் நண்பருக்கு நண்பர் சொல்லிப் பரவிய வித்தை அது.

டைனமிக் ஃபான்ட்டும் ஓபராவின் படமும் இரண்டுமே தனியுடைமைதான். ஆனால் விட்டுச்சென்றவை வேறு வேறு. ஓபரா காட்டும் முறையில் மட்டும் கைவைத்தது, மூலப் பக்கத்தின் யூனிகோடு அப்படியே இருந்தது. போன்கள் தமிழ் கற்றுக்கொண்டதும் அந்த வித்தை சேதாரமின்றி விடைபெற்றது. பழைய எழுத்துருத் தளங்களோ உள்ளடக்கத்தையே தங்கள் பூட்டுக்குள் வைத்துச் சேமித்தன. நெட்ஸ்கேப் 6இலேயே ட்ரூடாக் போய்விட்டது. போன் உலாவிகள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அந்தக் காலப் பக்கங்களை இணையக் காப்பகத்தில் திறந்தால் தலையில் கொக்கி போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசை வரிசையாக வருகின்றன. கூகுள் தேடலிலும் அவை அகப்படா.

இதற்கு மறுபக்கம், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியபோது அங்கேயும் யூனிகோடு இல்லை. பிறகு டிஸ்கியில் நூல்கள் வெளிவந்தன. ஆனால் டிஸ்கி ஆர்வலர்கள் கூடிப் பேசி உருவாக்கியது, அதன் அட்டவணை ஊரறிந்தது. அதனால் நூல்களை மொத்தமாக யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. இன்று குயில் தோப்பில் போனுக்கு வரும் பாரதி அந்த வழியில் வந்தவர். ஆகவே பழையது, புதியது என்பதல்ல வழக்கு. அட்டவணை வெளியே தெரியுமா, தெரியாதா என்பதுதான்.

இணையப் பக்கங்களில் வீடியோவும் அனிமேஷனும் ஓட்டிய ஃபிளாஷ் செருகுநிரலின் கதையும் இதே தடத்தில்தான் போனது. யூடியூப் 2005இல் வளர்ந்ததே ஃபிளாஷின் தோளில்தான். ஐபோனில் அதற்கு இடமில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் கடிதம் எழுதினார். 2011 நவம்பரில் போனுக்கான ஃபிளாஷை அடோபியே கைவிட்டது. 2020 டிசம்பர் 31 அன்று முழுக் கணக்கும் முடிந்தது. அந்தக் கடிதத்தில் திறந்த தரம் பற்றி அவ்வளவு பேசிய ஜாப்ஸ், தன் ஆப் ஸ்டோரின் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை என்பது தனி வேடிக்கை.

திறந்த தரக்காரர்கள் சொல்வதை எல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. யூனிகோடின் தமிழ் அட்டவணை, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988இல் வகுத்த இஸ்கி என்ற சட்டையைத் தமிழுக்கும் மாட்டிவிட்டதன் விளைவு. அகரம் தவிர்த்த உயிர்மெய்க்குத் தனி இடம் இல்லை, வரிசை நம் அகரவரிசை இல்லை. இந்தக் குறைக்காகத் தமிழறிஞர்கள் வகுத்த டேஸ்16 முறையையும் யூனிகோடோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஏற்றது. கைப்பேசி நிறுவனங்கள் அதைச் சீண்டக்கூட இல்லை. பெரிய நிறுவனங்கள் கூடும் யூனிகோடு அவையில் நம் குரலுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இதுவே சாட்சி. என் கணக்கில், குறையுள்ள பொதுத்தரம் குறையற்ற தனித்தரத்தைவிட மேல். ஏனென்றால் குறை எங்கே என்று நமக்குத் தெரிகிறது, அதற்கு மேல் நிரல் எழுதிச் சரிக்கட்ட முடிகிறது. டைனமிக் ஃபான்ட்டின் யோசனைகூட வீண்போகவில்லை. எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் அதே வேலை ‘வோஃப்’ என்ற பெயரில் 2012இல் பொதுத்தரமானது.

தமிழ்நாட்டு ஆணை புதுச்சேரியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மின்னாளுகைக்கு யூனிகோடே தரம் என்று மத்திய அரசு 2009லேயே அறிவித்துவிட்டது. இருந்தும் டி.டி.பி. கடைகள் பலவற்றில் இன்னும் பழைய எழுத்துருக்களே ஓடுகின்றன. அச்சில் அழகாக விழும் கோப்பு போனில் குப்பையாகத் தெரிகிறது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. அவையும் அறிந்த குறிமுறைகளை மட்டுமே மாற்றும். உங்கள் நூலோ கோயில் மலரோ அச்சுக்குப் போகும்போது, தாள் பிரதியோடு யூனிகோடு கோப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள். வீட்டுக் கணினியில் பழைய எழுத்துருவில் கோப்புகள் கிடந்தால், அந்த எழுத்துரு கையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.