எலோகேசி ஏன் போனாள்?

பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் சாமி படம் விற்பவர்களைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் காளிகாட் ஓவியங்கள் நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டில், கொல்கத்தாவின் அந்தக் காளி கோயிலுக்கு வந்த யாத்ரிகர்களுக்குப் படுவா ஓவியர்கள் கடவுள் படங்களை வரைந்து மலிவாக விற்றார்கள். ஊரைக் கேலி செய்யும் படங்களையும் விற்றார்கள்.

1873இல் அவர்களுக்குக் கிடைத்த கதை எலோகேசி. வயது 16. கணவன் நவீன் கொல்கத்தாவில் அச்சகத்தில் வேலை பார்த்தான். இவள் பிறந்த வீட்டில் இருந்தாள். தாரகேஸ்வர் சிவன் கோயிலின் மகந்தோடு அவளுக்குத் தொடர்பு என்று ஊர் பேசியது. பிள்ளை வரத்துக்கு மருந்து வாங்கப் போனவள் என்றும் சொன்னார்கள். நவீன் அரிவாள்மணையால் அவள் கழுத்தை அறுத்தான்.

இந்தப் படங்களை வகுப்பில் காட்டினேன். ஒன்றில் மகந்த் அவளை உபசரிக்கிறார். ஒன்றில் கொலை. இன்னொன்றில் மகந்த் சிறையில் செக்காட்டுகிறார். கோயில் அதிகாரத்தைக் கோயில் வாசலிலேயே கேலி செய்த துணிச்சல் அது. முதல் வரிசை மாணவி கேட்டாள்: "அவ ஏன் மேம் அங்க போனா?"

அந்தக் கேள்வியை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில் இந்தப் படங்களுக்கும் பங்குண்டு. எலோகேசி அவற்றில் பூச்சூடி, நகை பூட்டி, ஒயிலாக நிற்கிறாள். பதினாறு வயதுக் குழந்தையை நான் அங்கே தேடினேன், கிடைக்கவில்லை.

இங்கிலாந்தின் வில்லியம் ஹோகார்த் 1732இல் ஆறு அச்சுப்படங்களில் மோல் என்ற பெண்ணின் கதையைச் சொன்னார். கிராமத்திலிருந்து லண்டன் வந்து, பாலியல் தொழிலில் தள்ளப்பட்டு, 23 வயதில் சாகிறாள். கடைசிப் படத்தில் அவள் சவப்பெட்டி மூடிமேல் மதுக்கோப்பை. துக்கத்துக்கு வந்த பாதிரியின் கை பக்கத்துப் பெண்ணின் பாவாடைக்குள். ஹோகார்த்தின் கேலி உயிரோடிருப்பவர்களைச் சுடுகிறது. ஆனாலும் ஒழுக்கம் போதிக்க ஒரு பெண் பிணம் அவருக்கும் தேவைப்பட்டது.

மகந்துக்கு மூன்றாண்டுச் சிறை, 2000 ரூபாய் அபராதம். நவீனுக்கு ஆயுள் தண்டனை. மக்கள் மனுப்போட்டதால் 1875இல் விடுதலை. எலோகேசிக்காக யார் மனுப்போடுவது?

மாணவியிடம் பதில் சொல்லவில்லை. "அவளை அங்கே அனுப்பியது யார் என்று கேட்டுப் பார்" என்றேன். சற்று நேரம் படத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வீட்ல கேக்க மாட்டாங்க, மேம்."

வகுப்பை அங்கிருந்துதான் தொடங்கினேன்.