காத்திருக்கும் பிள்ளை

அமெரிக்க உளவியலாளர் வால்ரர் மிஷெல் 2014இல் வெளியிட்ட ‘மாஷ்மலோ சோதனை’ என்னும் நூல், தன்னடக்கம் பிறவிக் குணமன்று, பழகி அடையக்கூடியது என்கின்றது. இக்கூற்றை நாம் வரவேற்கின்றோம். ஆனால் பழகுதற்குரிய சூழல் யாது என்பதே எமது வினா.

1960களின் இறுதியில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில், இனிப்பை உண்ணாது காத்திருந்தால் இரண்டு தருவதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் பல்கலைக்கழகச் சமூகத்தினரின் மக்கள். காத்திருந்தோர் பிற்காலத்திற் கல்வியிற் சிறந்தனர் என்ற முடிவு எங்கும் பரவிற்று.

றொச்செஸ்ரரில் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்றில், வண்ணந் தீட்ட நல்ல பொருள்கள் தருவதாகக் கூறி முதலில் ஏமாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 3 நிமிடங்களே காத்திருந்தனர். வாக்குக் காக்கப்பட்டோர் 12 நிமிடங்கள் காத்திருந்தனர். 2018இல் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்விலோ, குடும்பப் பின்னணியைக் கணக்கிற் கொண்டதும், காத்திருத்தலுக்கும் பிற்காலக் கல்விக்குமுள்ள தொடர்பு பெரிதும் தேய்ந்தது.

நம்பிக்கையின்றிக் காத்திருத்தல் இல்லை என்பதை மிஷெலும் அறிந்திருந்தார். ஆயினும் நூலின் அழுத்தம், இனிப்பை முகிலாகக் கற்பனை செய்வது போன்ற மன உத்திகளிலேயே விழுகின்றது. நாளைய சோறு நிச்சயமற்ற வீட்டில், கிடைத்ததை இன்றே உண்பது குணக்கேடன்று. வாழ்வு கற்பித்த அறிவு. அப்பிள்ளைக்குப் பொறுமையைப் போதிக்குமுன், சொன்ன நேரத்திற் சொன்ன உணவையும் சொன்ன புத்தகத்தையும் கொடுப்போம். வாக்குத் தவறாத பாடசாலையே தன்னடக்கத்தின் முதற் பாடம்.